பழையதே போதுமா?

சென்ற இரண்டு மாதங்களாக நமது இல்லத்திலும், ஈப்போவிலுள்ள நமது தமக்கையார் இல்லத்திலும் ஒரு மடிக்கணினியைக் குறித்து வாதப் பிரதிவாதங்கள் நடந்து வந்தன. பழைய கணினியைப் பழுது பார்த்து, அதன் உறுப்புகளில் சிலவற்றை மாற்றி வைத்துக் கொள்வதா, அன்றிப் புதிதாக ஒன்று வாங்குவதா என்பதே கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆனால் இதைப் பற்றிப் பேசப் புகுந்தவர்கள் கணினியைப் பற்றிப் பேசியது கொஞ்சம். மானம், மரியாதை, நாள், நட்சத்திரம், பெண்பிள்ளை, பொன் நகை ஆகியவற்றைப் பற்றிப் பேசியதே அதிகம். ஓர் இயந்திரத்தைப் பற்றிய கணக்கு எவ்வாறு ஒரு குடும்பத்தின் பழக்க வழக்கங்களைப் பற்றிய கணக்காக மாறிவிடுகிறது என்பதை நாம் கண்ணாரக் கண்டோமாதலால், அதனை இங்கே எழுதத் துணிந்தோம். நம்மவர் வீடுகள் பலவற்றில் இதே கேள்வி இப்பொழுது எழுந்திருக்கக் கூடும்.

எழுந்ததற்குக் காரணமும் உண்டு. மைக்ரோசாப்ட் நிறுவனத்தார் 2015 ஜூலை 29-ஆம் தேதி வெளியிட்ட விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்குத் தாங்கள் அளித்துவந்த ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திக் கொண்டார்கள். அன்றைய தினம் எவருடைய கணினியும் நின்றுவிடவில்லை. 13-ஆம் தேதி ஓடியது போலவே 15-ஆம் தேதியும் ஓடிற்று. மாறியது என்னவென்றால், அதன் பூட்டிலே புதிதாக ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைப்பதற்கு இனி ஆள் வரமாட்டான் என்பதே. வீட்டுக் கணினிகளுக்கு 2026 அக்டோபர் 13 வரை ஓராண்டு நீட்டிப்புப் பெற்றுக்கொள்ள ஒரு வழி வைத்தார்கள். அதற்கு மேலும் அவர்களுடைய காவலில் இருக்க விரும்புவோர் விண்டோஸ் 11-க்கு ஏறவேண்டும். ஏறுவதற்கோ கணினியில் டி.பி.எம். 2.0 எனப்படும் காவற்சில்லு இருக்க வேண்டும். இன்டெல் செயலியாயின், சில விலக்குகள் நீங்கலாக, எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆயிருத்தல் வேண்டும். அஃதாவது ஏறக்குறைய 2017-ஆம் ஆண்டின் பிற்பகுதிக்கு முன் சந்தைக்கு வந்தவை வாசலிலேயே நிறுத்தப்படும். நம்முடையதோ 2016-இல் வாங்கியது. ஆறாம் தலைமுறைச் செயலி. 4 ஜிபி நினைவகம். 500 ஜிபி சுழலும் வன்தட்டு. ஆகவே அது வாசலிலே நின்றது.

ஓர் இயந்திரம் தன் குற்றத்தால் அன்றி, புறத்தே நேரும் மாறுதலால் வேலையற்றுப் போவது நம் பேராக் மாநிலத்தில் புதிய காட்சியன்று. பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் செல்லும் சாலையோரத்தில் ஓர் ஈயக்கப்பல் இன்று காட்சிப் பொருளாக நிற்பதை நேயர்களிற் பலர் பார்த்திருப்பார்கள். 1938-இல் கட்டப்பட்ட அது 1982 வரை 44 ஆண்டுகள் கிந்தாப் பள்ளத்தாக்கின் சேற்றை அள்ளி ஈயத்தைப் பிரித்துக் கொடுத்தது. அத்தகைய கப்பலில் மண் அள்ளும் வாளிகள் தேயும். தேய்ந்ததைக் கழற்றிப் புதியதை மாட்டுவார்கள். கப்பல் மேலும் ஓடும். அது நின்றபோது ஈயத் தொழிலே தளர்ந்து கொண்டிருந்தது. வாளிகளைப் புதிதாக மாற்றி என்ன பயன்? பழுது பார்ப்பதற்குமுன் ஒருவன் கேட்கவேண்டிய முதற்கேள்வி, பொருள் தேய்ந்திருக்கிறதா என்பதன்று. அது செய்யவேண்டிய வேலை இன்னும் இருக்கிறதா, அவ்வேலையை அது இனிச் செய்யத் தகுமா என்பதேயாகும்.

நிற்க. நமது கணினியின் நோயைச் சொல்வோம். பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் போடச் சென்றால், தேநீர் ஆறிய பின்னரும் அது சுற்றிக்கொண்டே இருக்கும். ஒரு பக்கத்தைத் திறந்தால் மற்றொன்று மூச்சுத் திணறும். மின்கம்பியைப் பிடுங்கினால் பத்து நிமிடத்தில் இருண்டுவிடும். இதைக் கேட்ட உறவினர் ஒருவர், "அதற்கு ஆயுசு முடிந்துவிட்டது, தலைமுழுகுங்கள்" என்றார். மற்றொருவர், சென்ற ஆயுத பூசையன்று அதற்குப் பொட்டு வைக்காததே காரணம் என்றார். முந்திய ஆண்டுகளில் பொட்டு வைத்தது உண்மைதான். நாம் வைத்ததன்று, வீட்டிலுள்ளோர் வைத்தது. ஈப்போவில் பழுது பார்க்கும் இளைஞர் ஒருவர் அதன் அடித்தட்டைக் கழற்றியபோது அந்தப் பக்தியின் பலன் தெரிந்தது. காற்றுப் போகும் துவாரங்களில் சந்தனம் காய்ந்து அடைத்துக் கொண்டிருந்தது. விசிறியைச் சுற்றிப் பஞ்சுபோல் தூசி. மூலையில் இரண்டு பல்லி முட்டைகள். பல்லி விழுந்த பலன் சொல்லும் பஞ்சாங்கத்தில், கணினிக்குள் முட்டையிட்டால் என்ன பலன் என்று எழுதியிருக்கக் காணோம். உட்சூடு அதிகமானால் செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும் என்பதே அதன் பலன் என்று அவ்விளைஞர் சொன்னார்.

அவர் மேலும் சொன்னவற்றை நாம் இங்கே சற்று விரிவாகவே எழுதுகிறோம். ஏனெனில் இது தெரியாமையினாலேயே பலர் நல்ல இயந்திரங்களைத் தள்ளிவிடுகிறார்கள். கணினி மெதுவாக இருக்கிறது என்றால் அதன் மூளை கிழடாகிவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படியன்று. பழைய வன்தட்டு என்பது நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் ஒரு தட்டும், அதன்மேல் அங்குமிங்கும் ஓடித் தேடும் ஓர் ஊசியுமாகும். அந்த ஊசியால் ஒரு நொடியில் நூறு இடங்களைத் தேடி எடுப்பதே பெரும்பாடு. எஸ்.எஸ்.டி. என வழங்கும் திடநிலைத் தட்டில் சுழல்வதும் இல்லை, ஓடுவதும் இல்லை; அது ஒரு நொடியில் பல்லாயிரம் இடங்களைத் தொட்டுவிடும். மூளை முன்போலவே இருக்க, தேடிக் கொடுக்கும் பையனை மட்டும் மாற்றினால் அலுவலகமே சுறுசுறுப்படைவதைப் போன்றது இது. பாட்டரியோ வேறு கதை. லித்தியம் பாட்டரி சில நூறு முறை ஏற்றி இறக்கிய பின்னர் தன் கொள்ளளவில் ஒரு பகுதியை இழந்துவிடும். நம்முடையது இழந்ததோடு நில்லாமல் உப்பவும் தொடங்கியிருந்தது. உப்பிய பாட்டரியை ஒருநாளும் வைத்திருக்கலாகாது. அது தீப்பற்றக் கூடியது. இதை நம் நேயர்கள் அவசியம் நினைவில் கொள்ள வேண்டுகிறோம்.

கிராணி வேலை பார்க்கும் நமக்கு எதையும் இரண்டு பத்தியாகக் கோடு கிழித்து எழுதிப் பார்ப்பது வழக்கம். எழுதினோம். திடநிலைத் தட்டு 190 வெள்ளி. மேலும் 4 ஜிபி நினைவகம் 130 வெள்ளி. பாட்டரி 160 வெள்ளி. கழற்றித் துடைத்துப் பூட்டும் கூலி 60 வெள்ளி. ஆக 540 வெள்ளி. மறு பத்தியில், 16 ஜிபி நினைவகமுள்ள ஒரு புதிய மடிக்கணினி 2,650 வெள்ளி. நினைவகத் துண்டின் விலை முன்பு இவ்வளவு இல்லை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து, செயற்கை நுண்ணறிவுக்கென்று உலகெங்கும் எழும்பும் தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை வாரிக்கொண்டு போகின்றன. அதனால் சாதாரண மக்கள் வாங்கும் துண்டுகளுக்கும் விலை ஏறிவிட்டது. எங்கோ ஒரு பெருநிறுவனம் பசித்துச் சாப்பிடுவதற்கு நம் தோட்டத்துக் கிராணி விலை கொடுக்கிறான்! இரப்பரின் விலை நியூயார்க்கிலும் இலண்டனிலும் தீர்மானிக்கப்பட்ட காலத்தில் நம் பாட்டன்மார் கண்டதும் இதுவே.

இந்த இரண்டு பத்திகளோடு விஷயம் முடிந்திருந்தால் எவரும் 540 வெள்ளியையே தேர்ந்திருப்பார்கள், நாமும்தான். ஆனால் கணினி யாருக்கு என்ற கேள்வி குறுக்கே வந்து நின்றது.

நமது தமக்கையாரின் மகள் எஸ்.பி.எம். தேர்வு முடித்து, ஈப்போவில் 1969-இல் தொடங்கப்பட்ட உங்கு ஓமார் பாலிடெக்னிக்கில் கட்டடப் பொறியியல் பயில இடம் பெற்றாள். நம் குடும்பத்தில் பெண்கள் எவரும் இதுவரை அத்துறைக்குப் போனதில்லை. படிப்பு ஏறக்குறைய மூன்று ஆண்டு. வரைபடம் எல்லாம் இக்காலத்தில் கணினியிலேயே போடுகிறார்கள். அதற்கென நாம் கொஞ்சம் பணம் சேர்த்து வைத்திருந்தோம். அதைக் கேட்ட தமக்கையாரின் மாமியார், நாம் அத்தை என்றழைக்கும் முதியவர், சொன்னது இது: "பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கப்பா அவ்வளவு விலையில? உன் பழசைச் சரிபண்ணிக் குடு. மிச்சக் காசுக்கு ஒரு காப்பு எடுத்து வச்சா நாளைக்கு உதவும். தம்பி பயலுக்கு அடுத்த வருஷம் பரீட்சை வருது, புதுசு அவனுக்கு வாங்கிக்கலாம்."

அத்தையாரை அறியாமைக்காரி என்று தள்ளிவிட நாம் ஒருப்படோம். அவருடைய வாழ்நாளில் பொன் அவரைக் கைவிட்டதில்லை. கணவருக்குக் கால் முறிந்து ஆறு மாதம் பால் வெட்டப் போகாதிருந்த காலத்தில், லயத்து வீட்டில் அடுப்பெரிந்தது அவருடைய தோடு அடகுக்கடைக்குப் போனதனாலேயே. வங்கிக் கணக்கென்பது என்னவென்றறியாத தோட்டத்துப் பெண்களுக்குக் காதிலும் கழுத்திலும் கிடந்ததே வங்கி. மேலும் 2025 அக்டோபரில் உலகச் சந்தையில் பொன்விலை அவுன்சுக்கு 4,000 அமெரிக்க டாலரைத் தாண்டியது. வாங்கிய மறுநாளே விலை குறையும் கணினியையும், ஆண்டுதோறும் ஏறிவரும் பொன்னையும் எதிரெதிரே வைத்துப் பார்ப்பவருக்கு அத்தையார் சொல்வது கணக்கில் பிழையென்று தோன்றாது. நம்முடைய ஆட்சேபம் பொன்னைப் பற்றியதன்று. அதே பொன் நியாயம் பேரனுக்கு ஏன் சொல்லப்படவில்லை என்பதைப் பற்றியது. பேரனுக்குக் கணினி, பேத்திக்குக் காப்பு. அவன் சம்பாதிப்பான், அவள் கட்டிக் கொடுக்கப்படுவாள். இந்த ஒரு வரியை எடுத்துவிட்டால் அத்தையாரின் கணக்கு நிற்காது.

இவ்வழக்கம் ஒருநாளில் வந்ததன்று. 2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது அவள் ஆறாம் ஆண்டு மாணவி. அவ்வாண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வே நடைபெறவில்லை. கல்வி அமைச்சு அக்காலத்தில் எடுத்த கணக்கின்படி, மாணவர்களில் 36.9 விழுக்காட்டினரிடம் எவ்விதக் கருவியும் இல்லை. நம் தமக்கையார் வீட்டில் ஒரு கைப்பேசி இருந்தது. அதுவும் தகப்பனார் வேலைவிட்டு வந்த பிறகே. வந்ததும் அது முதலில் தம்பியின் கைக்குப் போகும். அவன் பாடம் முடித்து, விளையாட்டும் முடித்துக் கொடுத்த பிறகு, மின்னேற்றிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அவள் படிப்பாள். யாரும் அவளைக் கொடுமை செய்யவில்லை. வீட்டிலே எல்லோரும் நல்லவர்களே. சுடுசோறு அவனுக்கு, மிஞ்சியது அவளுக்கு என்பதை எவரும் சட்டமாக எழுதவுமில்லை. அப்படியே நடந்துவந்தது.

ஆகவே நாம் அவளிடமே கேட்டபோது, "வேண்டாம் மாமா, பழசே போதும். நான் சமாளிச்சுக்குவேன்" என்று அவள் சொன்னதில் நமக்கு வியப்பில்லை, வருத்தம் மட்டுமே இருந்தது. 'போதும்' என்பது உண்டவன் சொன்னால் அழகான சொல். இலை போடுமுன்னரே போதும் என்று சொல்லப் பழகிய பிள்ளையின் வாயில் அது வேறு பொருள் தருகிறது. சிக்கனம் என்று நாம் மெச்சிக்கொள்ளும் குணம் நம் பெண்மக்களிடம் எத்தனை பங்கு சிக்கனம், எத்தனை பங்கு பழகிப்போன விட்டுக்கொடுப்பு என்பதைத் தாய்தந்தையர் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவளுடைய தாயார், "கையில போன் இருக்கே தம்பி, அதுல பாத்துக்குவா" என்றார். கட்டடத்தின் நிலப்படத்தைக் கைப்பேசித் திரையில் வரைவதெங்ஙனம் என்று கேட்டோம். தமக்கையார் சிரித்துவிட்டார். அவர் வரைபடத்தைக் கண்டவரல்லர்.

ஆயினும் பெண்ணுரிமையின் பேரால் தேவையற்ற பொருளை வாங்குவதும் அறிவாகாது. எனவே பழையதே அவளுக்குப் போதுமா என்பதை இயந்திரத்தின் நியாயப்படியே ஆராய்ந்தோம். இங்கே நமக்குத் தெரிந்த இரப்பர் மரத்தை உதாரணமாகக் கூறுதல் பொருந்தும். 1877-இல் கோலகங்சாரில் நட்ட மரங்களுள் ஒன்று இன்றும் நினைவுச் சின்னமாகப் பாதுகாக்கப்படுகிறது. அதைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள், பால் வெட்ட ஒருவரும் வருவதில்லை. வெட்டுகின்ற தோட்டத்தில் ஒரு மரத்திற்கு இருபத்தைந்து முப்பது ஆண்டே வயது. கீழ்ப்பட்டை தீர்ந்தால் ஏணி வைத்தோ நீண்ட கத்தி கொண்டோ மேல்பட்டையில் வெட்டுவார்கள். 1970-களிலிருந்து எத்தபோன் என்னும் தூண்டு மருந்தையும் பட்டையில் தடவினார்கள். இவற்றால் கிழ மரமும் சில ஆண்டுகள் நன்றாகவே பால் கொடுக்கும். அளவு மீறினால் பட்டை வறண்டுபோகும். ஆனால் எத்தனை மருந்து தடவினாலும் தெரிவு செய்யாத விதையில் முளைத்த பழைய மரம், 1925-இல் நிறுவப்பட்ட இரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் உருவாக்கிய ஆர்.ஆர்.ஐ.எம். 600 போன்ற ஒட்டுமரமாகிவிடாது. முன்னது ஹெக்டருக்கு ஆண்டொன்றுக்கு 500 கிலோ அளவில் கொடுத்த இடத்தில் பின்னது 1,500 கிலோவைத் தாண்டியது. மறுநடவு செய்யச் சிறு தோட்டக்காரர்கள் தயங்கியது அறியாமையினாலன்று. புதுக்கன்று பால் தரும் வரை ஐந்து முதல் ஏழாண்டு எதை உண்பது? அதற்காகத்தான் 1952-இல் மறுநடவு நிதி ஏற்படுத்தப்பட்டது. பெரிய தோட்டங்கள் பிற்பாடு இரப்பரையே அழித்துச் செம்பனை நட்டபோது கணக்கு தோட்டக்காரருக்கு இலாபமாக முடிந்தது. குறைந்த ஆட்களே போதும் என்றாயிற்று. லயத்தை விட்டு வெளியேறியவர்களின் பெயர் அக்கணக்கில் எந்தப் பத்தியிலும் இல்லை. இது இக்கட்டுரைக்குப் புறம்பானது. ஆயினும் 'புதியது' என்ற சொல்லைக் கேட்டவுடன் தோட்டத்துக் கிழவர்கள் முகஞ்சுளிப்பதற்கு இதுவே காரணம் என்பதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

நம் கணினிக்குத் திடநிலைத் தட்டு மாட்டுவது மேல்பட்டையில் வெட்டுவதற்கு ஒப்பாகும். வேகம் கிடைக்கும், ஆனால் தாய்ப்பலகை, திரையின் கீல், மின்கம்பி செருகும் துளை யாவும் பத்தாண்டுப் பழையவையே. இவற்றுள் எது எந்த வாரத்தில் போகும் என்று ஜோசியனும் சொல்ல முடியாது. கட்டுரை எழுதுகிற நமக்கு ஒரு வாரம் கணினி இல்லாவிட்டால் உலகம் முழுகிப் போகாது. அவளுக்குத் தேர்வு வாரத்தில் அது நின்றால் ஒரு பருவமே போய்விடும். மேலும் பொறியியல் வரைபடத்திற்கு வழங்கும் ஆட்டோகேட் என்ற மென்பொருள் அதிக நினைவகம் கேட்பது. லினக்ஸ் இயங்குதளத்திற்கென்று வெளியிடப்படாதது. பழைய கணினியைப் பாதுகாப்பாக ஓட்டுவதற்கு நமக்கிருந்த நல்ல வழியோ லினக்ஸ். ஆகவே பழையது நமக்குத் தகும், அவளுக்குத் தகாது. இதை எழுதி முடித்தபோது, வீட்டிலே எல்லோரும் சொன்னதற்கு நேர்மாறாகக் கணக்கு நின்றது: புதியது பெண்ணுக்கு, பழையது மாமனுக்கு.

அத்தையாரிடம் இதை எடுத்துரைக்க அவருடைய மொழியிலேயே ஒரு வழி கிடைத்தது. அவள் பூப்பெய்தியது நோய்க் காலத்தில். மண்டபம், மேளம், விருந்து, பந்தல் ஒன்றும் நடத்த இயலாது போயிற்று. நம்மளவில் அது ஒரு நன்மையே. ஒரு பெண்பிள்ளையின் உடலில் இயற்கையாய் நிகழும் மாறுதலை ஊரறியப் பறைசாற்றி, அதற்குக் கடனும் வாங்குகிற வழக்கம் ஒழியவேண்டும் என்று எழுதியும் பேசியும் வருபவர்கள் நாம். ஆனால் உறவினர்கள் அன்றுமுதல் இன்றுவரை, "மாமன் சீர் பாக்கி இருக்கிறது" என்று நினைவூட்டி வந்தார்கள். அத்தையாரும் சொன்னதுண்டு. சரி, பாக்கி என்று ஒன்று இருக்குமானால் அதை இதில் கழித்துக் கொள்ளுங்கள் என்றோம். அவர் சற்று யோசித்து, "சீரை மேசை மேல வச்சுக் காட்ட முடியாதே" என்றார். முடியும், மேசைமேல் வைத்தே அதை உபயோகிப்பார்கள் என்று நாம் சொன்னதற்கு அவர் மறுமொழி கூறவில்லை. வருமான வரியில் கணினி வாங்கியதற்கு வாழ்க்கைமுறைக் கழிவாக 2,500 வெள்ளி வரை கேட்கலாம் என்றும், ஆனால் அது தனக்கோ, துணைக்கோ, பிள்ளைக்கோ வாங்கியதாயிருக்க வேண்டும் என்றும் அலுவலகத்தில் நண்பர் ஒருவர் தெரிவித்தார். தாய்மாமனுக்குச் சீர் உண்டு, சட்டத்தில் கழிவு இல்லை.

வாங்குவதிலும் சில எச்சரிக்கைகள் வேண்டியிருந்தன. ஒரு கடையில், மாதம் 142 வெள்ளி வீதம் இருபத்து நான்கு மாதத் தவணை என்றார்கள். பெருக்கிப் பார்த்தால் 3,408 வெள்ளி. ரொக்கத்திற்கு மேல் 758 வெள்ளி. ஏறக்குறைய ஒரு பழைய கணினியைப் பழுது பார்த்து, மேலும் ஒரு மாதச் சந்தைச் செலவும் பார்க்கலாம். மாதத் தவணையைச் சொல்பவர் மொத்தத்தைச் சொல்லுவதில்லை. நாம்தான் பெருக்கிக் கொள்ளவேண்டும். மற்றொன்று: இன்றைய மெல்லிய மடிக்கணினிகள் பலவற்றில் நினைவகத்தைத் தாய்ப்பலகையோடு ஈயப்பற்று வைத்து ஒட்டிவிடுகிறார்கள். பத்தாண்டுக்குப் பின் அதை மாற்ற முடியாது. நமது பழையதைப் பழுது பார்க்க முடிந்ததே அது தடித்ததாகவும், ஆறு திருகாணிகளால் திறக்கக் கூடியதாகவும் இருந்ததனால்தான். மெலிவுக்காக ஆயுளை விற்கும் இவ்வேற்பாட்டை வேறு நாட்டார் சும்மா விடவில்லை. பிரான்சு நாட்டில் 2021 முதல், ஒரு பொருளை எவ்வளவு எளிதில் பழுது பார்க்கலாம் என்பதைப் பத்துக்கு இத்தனை மதிப்பெண் என்று கணினியின் விலைச்சீட்டருகே காட்டவேண்டுமென்று விதித்தார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2024-இல் பழுது பார்க்கும் உரிமைக்கென்றே ஓர் ஆணை நிறைவேற்றினார்கள். 1972 முதல் பினாங்கில் இன்டெல் தொழிற்சாலை இருக்கிறது. ஈப்போவிலேயே கார்செம், யுனிசெம் நிறுவனங்கள் சில்லுகளை உறையிட்டுச் சோதித்து அனுப்புகின்றன. தோட்டங்களை விட்டு வந்த குடும்பங்களின் பெண்கள் தொழிற்சாலைப் பேருந்தேறி அவ்வகை வேலைகளுக்குப் போனவர்கள். சில்லைச் செய்கிற கைகளுக்கு, அதைக் கழற்றி மாற்றும் உரிமையும் வேண்டுமென்று இந்நாட்டிலும் கேட்கவேண்டிய காலம் வந்துவிட்டது.

கணினிக் கடைகள் நிறைந்த யிக் பூங் வளாகத்திற்கு அவளையும் அழைத்துச் சென்றோம். நாள் பார்க்கவில்லை, அன்று அஷ்டமி என்று பிற்பாடு சொன்னார்கள். முதல் கடையில் நாமே பேசினோம். இரண்டாவது கடையில் அவள் மெல்ல முன்வந்து, நினைவகம் ஒட்டியதா, காலியாக இன்னொரு துளை இருக்கிறதா என்று விற்பனையாளரை மலாயில் கேட்டாள். அவர் தெரியாதென்றார். திறந்து காட்ட முடியுமா என்றாள். முடியாதென்றார். நன்றி சொல்லி வெளியே வந்துவிட்டாள். மூன்றாவது கடையில் காட்டினார்கள். சற்றுத் தடித்த கணினி, பளபளப்பு இல்லை, 16 ஜிபி நினைவகம், ஒரு துளை காலி, இரண்டாண்டு உத்தரவாதம். "இதுதான் மாமா" என்றாள். பழசே போதும் என்று சொன்ன அதே பெண்! நாம் 2,650 வெள்ளியை எண்ணிக் கொடுத்தோம்.

பழையதற்கு நினைவகம் வாங்குவதை விட்டுவிட்டோம். விலை இறங்கினால் பார்க்கலாம். தட்டு, பாட்டரி, கூலி மட்டும் 410 வெள்ளி ஆயிற்று. அதில் இப்பொழுது லினக்ஸ் மின்ட் ஓடுகிறது. அதற்கு விலையில்லை, இந்த 4 ஜிபி நினைவகமே அதற்குப் போதுமானதாயிருக்கிறது. தேநீர் ஆறுமுன் திறந்துவிடுகிறது. முரசு அஞ்சலில் பழகிய விரல்களுக்குத் தமிழ்99 விசையமைப்பு இதிலும் கிடைப்பதால் சிரமமில்லை. இக்கட்டுரையும் அதில் தட்டியதே. முதல் இரண்டு நாள் அச்சுப்பொறி இணங்க மறுத்தது. மூன்றாம் நாள் இணங்கிற்று. அலுவலகத்துக் கோப்புகள் சில இதில் திறந்தால் கட்டங்கள் சற்று இடம் பெயர்கின்றன. அந்த வேலைக்கு அலுவலகத்துக் கணினி இருக்கிறது.

கழற்றியவற்றை என்ன செய்வது என்பது மட்டும் மிச்சம். 2022-ஆம் ஆண்டில் உலகம் 6 கோடியே 20 இலட்சம் டன் மின்கழிவை உண்டாக்கியது என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுபயனாக்கப்பட்டதாகப் பதிவானது 22.3 விழுக்காடே என்றும் ஐக்கிய நாடுகளின் அறிக்கை 2024-இல் கூறிற்று. நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிகளின்படி மின்கழிவு அட்டவணையிடப்பட்ட கழிவாகும். குப்பைத் தொட்டியில் போடத் தகாதது. பழைய வன்தட்டை, அதில் பாட்டனாரின் படங்கள் இருப்பதால், ஓர் உறையிலிட்டு வெளித்தட்டாக வைத்துக் கொண்டோம். உப்பிய பாட்டரியை மட்டும் ஒரு பிஸ்கட் டின்னில் மணலிட்டு, வீட்டுக்கு வெளியே நிழலில் வைத்திருக்கிறோம். அடுத்த சம்பளத்திற்கு ஈப்போ போகும்போது சேகரிப்பு நிலையத்தில் கொடுக்க வேண்டும். அதுவரை அந்த டின்னை யாரும் திறக்கலாகாதென்று அத்தையாரிடம் சொல்லியிருக்கிறோம். அவர் அதன் மேல் ஒரு செங்கல்லை எடுத்து வைத்தார்.